பாடிய சிறாரும் படியளந்தோரும்: தேவாலயப் பாடகர் பள்ளிகள் பற்றிய ஒரு குறிப்பு

உப்புவெளிக்குத் தெற்கே கோணமலை. சம்பந்தரின் பதிகம் பெற்றது. மூன்று வயதிற் பாடத் தொடங்கியவராக மரபு கொண்டாடும் சிறுவர் அவர். அங்கிருந்த பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர். அவர்களுடனும் பின்வந்தோருடனும் திருச்சபையின் இசையும் இத்துறைமுகத்தில் இறங்கியது. இரண்டையும் தெய்வீகம் என்று கூறி அமைவோருளர். பாடிய சிறாருக்குச் சோறிட்டவர் யார், எதற்காக என்பதே எமது வினா.

லைப்சிக் நகரின் புனித தோமையார் பள்ளி 1212இல் நிறுவப்பட்ட மடமொன்றிலிருந்து தோன்றியது. 1543இல் நகர மன்றத்தின் உடைமையாயிற்று. மதச் சீர்திருத்தம் மடத்தின் சொத்தைக் கைமாற்றியதேயன்றி, சிறாரின் நிலையை அடிப்படையில் மாற்றவில்லை. உணவும் உறையுளும் கல்வியும் பெற்ற ஏழை மாணவர், ஈடாக வழிபாட்டிலும் திருமணத்திலும் சவ அடக்கத்திலும் பாடினர். தெருக்களிற் பாடிப் பணமுந் திரட்டினர். 1723 முதல் 1750 வரை அங்கு இசைப் பொறுப்பாளராயிருந்த பாக், 1730இல் மன்றத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில் 54 மாணவரைத் தரம் பிரித்தார்: பயன்படுவோர் 17, இன்னும் பயன்படாதோர் 20, தகுதியற்றோர் 17. பண்டசாலைக் கணக்கை ஒத்த இதிற் பாக்கின் கொடுமையைக் காண்பது தவறு. அவரும் மன்றத்தின் ஊழியரே. இசையறியாதாரைச் சேர்த்துவிட்டு, வாத்தியக்காரருக்கான உதவியையும் நிறுத்திய எசமானரிடமே அவர் முறையிட்டார்.

ஹைடன் எட்டு வயதளவில் வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். குரல் உடைந்ததும், 1749 அளவில், வெளியேற்றப்பட்டார். சிறுவன் வளர்ந்ததே வேலைநீக்கத்துக்குக் காரணம்! இங்கிலாந்திலோ அரசாணையின் பேரில் நல்ல குரலுடைய சிறுவரைப் பிடித்துச் செல்லும் உரிமையே இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் 48 பிடாரரை நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். ஒருவர் இறப்பின் அவருடைய நெருங்கிய உறவினர் அவ்விடத்தைப் பெறுவர். தகுதியற்றவராயின் தகுதியுள்ள ஒருவரை அமர்த்துவர் என்கிறது கல்வெட்டு. பதவி காணியாக இறங்கியதால் குடும்பமே பள்ளியாயிற்று எனக் கொள்ளலாம். துறவு பூண்ட ஐரோப்பியக் குருமாருக்குத் தம் தொழிலைக் கையளிக்கச் சட்டபூர்வமான பிள்ளைகள் இல்லை; பிறர் பிள்ளைகள் தேவைப்பட்டனர். பாடகர் பள்ளி என்னும் நிறுவனத்தின் தோற்றத்தை விளக்க, பக்தியினும் இவ்வேறுபாடு கூடுதலாக உதவும் என்பது எமது துணிபு.

இவ்விரு ஏற்பாடுகளிலும் சிறுமியருக்கு இடமிருக்கவில்லை. சால்ஸ்பரி பேராலயம் 1991இல் சிறுமியருக்கெனத் தனிப் பாடகர் குழுவொன்றை அமைத்தது. லைப்சிக் தோமையார் குழுவில் இன்றும் சிறுவரும் இளைஞருமே பாடுகின்றனர்.