கீறிட்ட இடம் பிறந்த கதை

ஆங்கில வினாத்தாளில் ஒரு பந்தியைத் தந்து, இடையிடையே சொற்களை உருவிவிட்டு, 'கீறிட்ட இடங்களை நிரப்புக' என்பார்களே, அது மொழியறிவைச் சோதிக்கப் பிறந்த வினா அல்ல. களைப்பை அளக்கப் பிறந்தது.

அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில், நீண்ட பள்ளி நேரம் பிள்ளைகளின் மூளையைச் சோர வைக்கிறதா என்று பெரியவர்களுக்கு ஒரு சந்தேகம். நினைவாற்றல் ஆய்வில் பெயர்பெற்ற ஹெர்மன் எபிங்ஹவுஸ் அதைச் சோதிக்கப் புறப்பட்டார். பந்திகளில் சொற்களையும் அசைகளையும் அழித்துவிட்டு நிரப்பச் சொன்னார். 1897இல் முடிவு வெளிவந்தது. வகுப்பில் கெட்டிக்காரர் யார், பின்தங்கியவர் யார் என்பதை அந்த இடைவெளிகள் நன்றாகவே பிரித்துக் காட்டின. களைப்பு கதையிலிருந்து மெல்ல நழுவிவிட்டது.

அரை நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் வில்சன் டெய்லர் அதே உத்தியைக் கையில் எடுத்தார். அவர் எடை போட்டது பிள்ளைகளை அல்ல, எழுத்தை. ஒரு கட்டுரை வாசகருக்கு எவ்வளவு கடினம் என்று கணிக்க அந்நாளில் சூத்திரங்கள் இருந்தன. சொல் நீளம், வாக்கிய நீளம் இவற்றை எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். சின்னச் சின்னச் சொற்களால் தலையைச் சுற்ற வைக்கும் கெர்ட்ரூட் ஸ்டைனின் எழுத்தையும் 'எளிது' என்று அவை சொல்லிவிடும்! டெய்லர் ஐந்து சொற்களுக்கு ஒன்றாக அழித்து வாசகரிடமே கொடுத்தார். ஸ்டைன் பிடிபட்டார். 1953இல் வந்த அவருடைய ஆய்வுக் கட்டுரையோடுதான் இந்த உத்திக்கு 'குளோஸ்' என்ற பெயரும் வந்தது.

எழுத்தை அளந்த கோல் வாசிப்பவரை அளக்கத் திரும்பியது அதன் பிறகுதான். 1970களில் ஜோன் ஒல்லர் போன்றோர், இலக்கணம், சொல்வளம், வாசிப்பு எல்லாவற்றையும் ஒரே வினாவில் பார்த்துவிடலாம் என்றார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான்.

திருகோணமலைப் பிள்ளை ஒருத்தியிடம், கப்பலொன்று துறைமுகத்துக்கு வந்து நங்கூரமிட்ட கதையை ஆங்கிலத்தில் தந்ததாக வைத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் கடற்படை 1957இல் போய்விட்டாலும் ஜெட்டி, டொக்யார்ட், ஹார்பர் எல்லாம் இந்த ஊர்த் தமிழில் தங்கிவிட்டன. மூதூர் லோஞ்சில் ஏறியிறங்கியவளுக்கு அந்த இடங்களை நிரப்ப ஆங்கிலமே வேண்டாம், ஊர் போதும். 'நங்கூரத்தில் நிற்கிறது' என்பதற்கு 'அங்கர்' முன்னால் 'அட்' வருமா, 'இன்' வருமா, 'ஒன்' வருமா என்ற இடத்தில் மட்டும் பேனா நிற்கும். அதே பந்தியை மலைநாட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால் ஜெட்டியிலேயே நின்றுவிடலாம். எந்தச் சொல்லை அழிக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சோதனையே வேறாகிவிடுகிறது என்று சார்ல்ஸ் ஆல்டர்சன் 1979இல் எழுதினார். இங்கே அது கண்ணெதிரே தெரியும்.

இரண்டே ஆண்டுகளில் ஜெர்மனியிலிருந்து ஒரு மாற்று வந்தது. கிறிஸ்டீன் கிளைன்-பிரேலியும் உல்ரிச் ராட்ஸும் முழுச் சொல்லை விட்டுவிட்டு, ஒன்றுவிட்டொரு சொல்லின் பின்பாதியை மட்டும் வெட்டினார்கள். முன்பாதி கண்முன் இருப்பதால் மனம்போன சொல்லை எழுத முடியாது.

நம் வினாத்தாள்கள் வேறு வழி பிடித்தன. விடைச் சொற்களைப் பெட்டிக்குள் அடைத்து மேலேயே தந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. திருத்துபவருக்கு வேலை மிச்சம். பெட்டியில் இடத்துக்கு ஒரு சொல்லாகச் சரியாக எண்ணிப் போட்டிருந்தால், கடைசிக் கீறலை வாசிக்காமலே நிரப்பிவிடலாம்.