புல்வெட்டும் மூடுபயிரும்

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களைப் பற்றிப் பேசுவோர் பால்வெட்டைப் பற்றியே பெரிதும் பேசுவர். புல்வெட்டு, சிறப்பில்லாத வேலை என ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயினும், கன்று நட்ட நாள் தொட்டு மரம் பாலுக்கு வரும் வரை, ஆறேழு ஆண்டுகள், ஒரு தோட்டத்தில் நடந்த வேலையுள் பெரும்பகுதி புல்வெட்டே ஆகும். அதனைச் செய்தவர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி வந்த ஆண்களும் பெண்களும், அவர்தம் பிள்ளைகளும். அவ்வளவு பாடுபட்டுச் செய்த வேலை மண்ணுக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்பது வரலாற்றில் ஆராய வேண்டிய ஒரு வினா.

1877ஆம் ஆண்டு இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மலாக்காவில் டான் சே யான் 1896இல் வாணிகத்துக்கென முதன்முதலாக ரப்பர் பயிரிட்டார். அதன்பின் காடுகள் விரைந்து மறைந்தன. 1920ஆம் ஆண்டளவில் சுமார் 20 லட்சம் ஏக்கர் ரப்பர் ஆயிற்று. காட்டை வெட்டுவர், காயவிட்டு எரிப்பர், கன்று நடுவர், பிறகு தரையில் ஒரு புல்லும் தலைகாட்டாதபடி மாதந்தோறும் மண்வெட்டியால் செதுக்குவர். பெருக்கிய முற்றம் போலத் தரை கிடப்பதே நன்கு நடக்கும் தோட்டத்தின் அடையாளம் எனத் துரைமார் கொண்டனர்.

இப்பழக்கம் மலாயாவில் பிறந்ததன்று. இலங்கையில் காப்பியும் தேயிலையும் பயிரிட்டவர்கள் கையாண்ட முறை அது. 1869இல் அங்குத் தோன்றிய இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் அழிய, தோட்டக்காரர் சிலர் மலாயாவுக்கு வந்தனர். முறையும் உடன் வந்தது. அதற்குக் காரணம் கூறாமலும் இல்லை. களை, மரத்தின் உணவைப் பறிக்கும் என்றனர். லாலாங் புல்லின் மீது அவர்களுக்கு இருந்த அச்சம் நியாயமானதே. நிலத்தடியில் ஊர்ந்து படரும் அதன் தண்டில் ஒரு கணு எஞ்சினும் மீண்டும் தழைக்கும். ஆனால் லாலாங்கை ஒழிக்க எண்ணி, தீங்கற்ற செடிகொடிகளையும் சேர்த்து ஒழித்ததுதான் பிழை.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாடு இது. பெரும்பாலும் சாரலாக அன்று, அடைமழையாகப் பெய்யும். காட்டில் அம்மழை இலைகளின் மேல் விழுந்து, சருகின் வழியே மெல்ல இறங்கும். வெறுந்தரையிலோ ஒவ்வொரு துளியும் மண்ணை அடித்துக் கலைக்கிறது. கலைந்த நுண்மண் துளைகளை அடைத்துவிட, நீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடுகிறது. ஓடுகையில் மேல்மண்ணை வாரிச் செல்கிறது. காடு பன்னெடுங் காலமாகச் சேர்த்து வைத்த மட்கு இம்மேல்மண்ணில்தான் உள்ளது. மீந்ததை வெயில் தீய்க்கிறது. சரிவான தோட்டங்களில் சில ஆண்டுகளுக்குள் வேர்கள் வெளியே தெரியலாயின. இதைக் கண்டு, சரிவுக்குக் குறுக்கே வரப்பும் மண் தேக்கும் குழியும் வெட்டச் செய்தனர். புல்லைச் செதுக்கி மண்ணை ஓடவிட்டவர்களே, ஓடும் மண்ணைப் பிடிக்கக் குழியும் வெட்ட வேண்டியதாயிற்று. இரண்டுக்கும் கூலி வாங்கியவர்கள் ஒரே தொழிலாளர்.

மலாய், சீனச் சிறுதோட்டக்காரர்களோ இவ்வளவு பாடுபடவில்லை. கூலிக்கு ஆள் வைக்க அவர்களிடம் பொருளில்லை. மரங்களை நெருக்கமாக நட்டு, அடியில் முளைத்த செடிகளை அவ்வப்போது அறுத்துவிட்டனர். அதிகாரிகள் அத்தோட்டங்களை அழுக்கானவை, நோய்க்கு இடமானவை என இகழ்ந்தனர். ஆனால் அங்கே மண் நின்றது. பொருளியலறிஞர் பி. டி. பவர் 1948இல் வெளியிட்ட ரப்பர்த் தொழில் பற்றிய நூலில் சிறுதோட்டக்காரரின் திறமைக்கு உரிய மதிப்பு அளித்தார். அது தக்க தீர்ப்பே என்பதில் ஐயமில்லை.

பெருந்தோட்டங்களில் கருத்து மாறியதற்கு அறிவு ஒரு காரணம். பணமுடை மற்றொரு காரணம். 1925இல் சட்டத்தால் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மண்ணைப் பற்றி ஆராயத் தொடங்கியது. அக்கழகத்தின் மண்ணியலறிஞர் ஹெயின்ஸ், இயற்கையாக முளைக்கும் செடிகளைப் பயன்படுத்தும் முறையையும் கட்டுப்படுத்தும் முறையையும் விளக்கி 1934இல் ஒரு கைந்நூல் வெளியிட்டார். இதற்கிடையில் 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தது. தோட்டங்கள் முதலில் குறைத்த செலவுகளுள் புல்வெட்டும் ஒன்று. 1930 முதல் 1932 வரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். புல் வளர்ந்தது, மரங்கள் சாகவில்லை. புல்வெட்டு அவ்வளவு வேண்டியதன்று என்று தெரிந்த காலமும், புல்வெட்டியவருக்கு வேலை இல்லாது போன காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்தன.

தானாக முளைப்பதை விடுவதினும், வேண்டிய கொடியை விதைப்பது மேல் என்ற கருத்தும் வலுப்பெற்றது. அவரையினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உணவாக்கித் தருகின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் 1886இல் அறிவித்தார். காரணம் அப்போது விளங்கியதே தவிர, பயன் தமிழ் உழவருக்குப் பழையது. கொழுஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு ஆகியவற்றை நடவுக்கு முன் வயலில் மடக்கி உழுவது அவர் வழக்கம். மலாயாவில் தொடக்கத்தில் முயன்று பார்த்த செடிகளுள் கொழுஞ்சி இனத்ததும் ஒன்று. தழையுரத்தின் அருமை தெரிந்த ஊர்களிலிருந்து வந்தவர்களையே வைத்துத் தழையையெல்லாம் செதுக்கி எறியச் செய்தார்கள்! பெரட்டில் நின்ற கூலியாளிடம் யார் கருத்துக் கேட்டார்கள்?

இறுதியில் நிலைத்தவை மூன்று கொடிகள்: கலப்பகோனியம், சென்ட்ரோசீமா, பியூரேரியா. முதலிரண்டும் வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தவை. மூன்றாவது கிழக்காசியப் பகுதிக்குரியது. மூன்றையும் கலந்தே விதைப்பர். கலப்பகோனியம் விரைந்து படர்ந்து தரையை மூடும். ஓரிரு ஆண்டில் அது தளரும்போது பியூரேரியா அவ்விடத்தைக் கைக்கொள்ளும். மர நிழல் கூடும்போது சென்ட்ரோசீமா தாக்குப்பிடிக்கும். ஐந்தாறு ஆண்டில் நிழல் முற்றிவிட மூன்றும் மறையும். ஆனால் உதிர்ந்த தழை மண்ணில் சேர்ந்துவிடும். பியூரேரியா விதையின் தோல் கடினமானது. வெந்நீரிலோ அமிலத்திலோ நனைத்தாலன்றிச் சீராக முளைக்காது. கொடி கன்றின் மேல் ஏறி நெரிக்காதிருக்க, கன்றைச் சுற்றி வட்டம் செதுக்க வேண்டும். ஆகவே புல்வெட்டு முற்றும் ஒழியவில்லை, வட்டத்துக்குள் சுருங்கியது.

போருக்குப் பிந்திய மறுநடவுக் காலத்தில் ஆராய்ச்சிக் கழகம் இக்கொடிகளையும் புல்லையும் மிகானியா என்னும் கொடியையும் தனித்தனியே வளர்த்து ஒப்பிட்டது. வாட்சன், வாங், நாராயணன் ஆகியோர் 1964இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவரையினக் கொடிகளின் நடுவே வளர்ந்த மரங்கள் விரைந்து பருத்தன. மிகானியாவோ, பசுமையாகப் படர்ந்து கண்ணை ஏமாற்றினாலும், மர வளர்ச்சியைத் தடுத்தது. மூடுவதெல்லாம் நல்ல மூடுபயிர் ஆகாது.

பின்னர் ரப்பர் நிலங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறியது. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து மியூகுனா பிராக்டியாட்டா என்னும் பூனைக்காலி இனத்துக் கொடி கொண்டுவரப்பட்டது. கேரள ரப்பர்த் தோட்டங்களிலும் இது பயிராவது. வேர் ஆழமாகச் செல்லும், நிழலையும் தாங்கும். மலேசியத் தாழ்நிலங்களில் இது விதை கட்டுவது அரிது; ஆதலின் விதையை வெளியிலிருந்து வரவழைக்கின்றனர், அல்லது தண்டை வெட்டி நாற்றுப் பையில் வேர்விடச் செய்கின்றனர். கன்றுகளின் மேல் ஏறும் அதன் கொடியை வட்டத்திலிருந்து இழுத்து விலக்கும் வேலையை இன்று செய்வோரில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள்.