பசைக்கு மாறிய காவல்: தன்னொட்டு அஞ்சல்தலைகளைப் பேணுவது குறித்து

தன்னொட்டு அஞ்சல்தலையை உறையிலிருந்து கழற்றாமல், ஒட்டிய தாளோடு சேர்த்தே சேமிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நீரில் ஊறவைத்து, உலர்த்தி, ஆல்பத்தில் ஏற்றுவதையே அரிச்சுவடியாகக் கற்ற சேகரிப்பாளர்களுக்கு இது கசக்கும். ஆனால் அந்த வழக்கம் நீரில் கரையும் பசைக்காகப் பிறந்தது. இன்று நம் கைக்கு வரும் தலைகளில் பலவற்றின் பசை அத்தகையதன்று.

1840இல் முதல் அஞ்சல்தலையான பென்னி பிளாக் வெளியான காலத்திலிருந்தே பசைக்கும் முத்திரைக்கும் இடையே ஒரு வேலைப் பிரிவினை இருந்துவந்தது. பசை ஒட்டியது, பயன்படுத்திய தலை மறுபடியும் பயன்படாமல் முத்திரை மை காவல் காத்தது. பென்னி பிளாக்கின் மேல் விழுந்த சிவப்பு முத்திரையை எளிதில் அழிக்க முடிந்தபோது, 1841இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை தலையின் நிறத்தைச் சிவப்பாக்கி, முத்திரை மையைக் கறுப்பாக்கியது. பசையில் அத்துறை கைவைக்கவில்லை. நம் ஊறவைக்கும் கலை முழுவதும் இந்த அலட்சியத்தின் கொடை.

தன்னொட்டுத் தலைகள் தொடக்கத்தில் இந்த ஏற்பாட்டைக் குலைக்க வந்தவை அல்ல. 1964இல் சியரா லியோன் தன் நாட்டு வரைபட வடிவிலேயே அவற்றை வெளியிட்டது. 1969இல் டோங்கா பின்தொடர்ந்தது. ஈரப்பதம் மிகுந்த வெப்பநாடுகளில் பழைய பசைத் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தவிர்ப்பது நோக்கங்களுள் ஒன்று. ஐப்பசி மழையில் சென்னையில் ஒரு முழுத்தாள் தலைகள் கட்டியாகிப் போவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திருப்பம் 1974 நவம்பரில் அமெரிக்கா வெளியிட்ட 10 சென்ட் கிறிஸ்துமஸ் தலையில் நேர்ந்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் மாளிகைக் கூரையில் உள்ள, புறா வடிவக் காற்றுத்திசைகாட்டி அதன் சித்திரம். முன்கூட்டியே ரத்து செய்யப்பட்டதென அதிலேயே அச்சிட்டிருந்ததால், அதன் மேல் முத்திரை குத்தும் வேலை மிச்சம். முத்திரை இல்லாவிட்டால் காவல் எங்கே? தலையிலேயே கீறல்கள் வெட்டப்பட்டன, உரித்தால் கிழிந்துவிடும். பசையும் கீறலும் சேர்ந்து முத்திரையின் வேலையை ஏற்றன. 2009இல் பிரிட்டனின் ராயல் மெயில் அரசியின் உருவம் தாங்கிய தன் வழக்கமான ‘மேச்சின்’ தலைகளில் இதே வழியை எடுத்தது: ‘யு’ வடிவக் கீறல்கள் வெட்டப்பட்டன, தாளுக்கும் பசைக்கும் நடுவே இருந்த, நீரில் கரையும் இடையடுக்கும் நீக்கப்பட்டது. அமெரிக்கத் தலைகளில் சேகரிப்பாளர்களுக்கு உதவிய அத்தகைய அடுக்கும் 2004 வாக்கில் பெரும்பாலும் மறைந்தது.

ஆகவே, கழற்ற முடியாமை இத்தலைகளின் குறைபாடு என்று நாம் புலம்புவது பொருந்தாது; பலவற்றில் அதுவே அவற்றின் வடிவமைப்பு. கழற்றிய தலையில் அந்த வடிவமைப்பு தோற்றதற்கான தடயமே மிஞ்சுகிறது.

கரைப்பான்களால் கழற்றலாமே என்பது வழக்கமான மறுப்பு. ஹெப்டேன் வகைத் திரவங்களும், ஆரஞ்சுத்தோல் எண்ணெய் கலந்த அறை நறுமணத் தெளிப்பான்களும் சேகரிப்பாளர் மேசைகளில் இடம்பிடித்துவிட்டன. தலை கழன்று வருவது உண்மைதான். ஆனால் கரைந்த பசையின் ஒரு பகுதி தாளின் இழைகளுக்குள் இறங்கலாம். பிசுபிசுப்பு தெரியாமலிருக்கப் பின்புறம் டால்கம் பவுடர் பூசுகிறார்கள். பவுடர் பூசிய ஒரு தாள்துண்டை ‘பயன்படுத்திய தலை’ என்று வகைப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதைவிட வலுவான மறுப்பு அதே 1974 தலையிலிருந்து வருகிறது. அதன் பசை நாளடைவில் தாளுக்குள் ஊறி, இன்று காணக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றைப் பழுப்பாக்கிவிட்டது. பசையே பகை என்றால், பசையை நீக்குவதுதானே பேணல்? இந்த ஒரு தலையைப் பொறுத்தவரை வாதம் நியாயமானது. தாள் பேணலில் பயிற்சி பெற்றவர் கையில் அது நடக்கலாம். ஆனால் எல்லாத் தன்னொட்டுப் பசைகளும் ஒரே விதமாக மூப்படைவதில்லை. இயற்கை ரப்பர் சார்ந்தவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து மஞ்சளித்து நொறுங்கும்; அக்ரிலிக் பசைகள் ஒளியையும் காற்றையும் நெடுநாள் தாங்கும். ஒரு தலையின் விபத்தை எல்லாவற்றுக்கும் விதியாக்குவது சரியன்று.

எனவே பயன்படுத்திய தலை முழு உறையோடு இருப்பது முதன்மை. இடமில்லையென்றால் சுற்றிலும் போதிய தாள்விட்டு வெட்டலாம். பயன்படுத்தாததை உரிதாளிலிருந்து பிரிக்கக் கூடாது. அழுத்தமும் வெப்பமும் பசையை விளிம்பில் கசியவைக்கும் என்பதால், ஆல்பங்களை அடுக்கிப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்த வேண்டும். பி.வி.சி. உறைகளைத் தவிர்த்துப் பாலியெஸ்டர் உறைகளைப் பயன்படுத்துவது நலம். ஆல்பம் தடித்துப்போகும், போகட்டும்.

2022 முதல் பிரிட்டனின் வழக்கமான தலைகளில் தனித்தனிப் பார்கோடு வந்துவிட்டது; அது இல்லாத பழைய வழக்கமான தலைகள் 2023 ஜூலைக்குப் பின் செல்லாதவை. ஒரு தலை ஏற்கெனவே பயன்பட்டதா என்பதை இனி அதன் குறியீடே சொல்லிவிடும். காவல் வேலை பசையிடமிருந்து கணினிக்குப் போய்விட்ட நிலையில், கரையாத பசைக்கு அஞ்சல் துறை காட்டக்கூடிய காரணம் பெரிதும் மெலிந்துவிட்டது. கரையும் இடையடுக்கைத் திரும்பக் கேட்கச் சேகரிப்பாளர் சங்கங்களுக்கு இதுவரை இல்லாத வலுவான வாதம் இப்போது கிடைத்திருக்கிறது.