வாளின் வயதும் ஆண்டுக் கணக்கும்

பழைய இந்திய வாளொன்றின் பிறப்பிடத்தையும் வயதையும் அறிய முற்படுவோர், அலகில் பொறித்த ஆண்டையே முதலில் தேடுகின்றனர். ஆயின், அது எந்தக் கணக்கின்படியான ஆண்டு என்பதையும் நாம் அறிந்தாக வேண்டும்.

மைசூர் மன்னர் திப்பு சுல்தான் காலத்து ஆயுதங்களே இதற்குச் சான்று. 1787ஆம் ஆண்டளவில் அவர் ஹிஜ்ரிக் கணக்கை விடுத்து, 'மௌலூதி' என்னும் புதிய கணக்கை நடைமுறைப்படுத்தினார். அதில் இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதினர். ஆதலின் 1218 என்பது, வழக்கம்போல் வாசிப்போருக்கு 8121 எனத் தோன்றும். திருப்பி வாசித்தாலும், ஹிஜ்ரி எனக் கொண்டால் கி.பி. 1803 வரும். 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீரமரணம் எய்தியவருக்கு அவ்வாள் உரியதன்று என நாம் தள்ளிவிடக்கூடும். மௌலூதிக் கணக்கிலோ அது 1790ஐ ஒட்டியது. அவரது ஆட்சியின் நடுக்காலம்.

ஆண்டு மட்டும் போதிய சான்றாகாது. இந்திய வாள்களின் கைப்பிடியை அரக்கு இட்டே அலகுடன் பொருத்தினர். எனவே பழைய அலகுக்குப் புதிய பிடியை மாட்டுவது எளிது. புலிவரி வேலைப்பாடு மைசூரைச் சுட்டும். அதனையும் பிற்காலத்தில் பொறித்திருக்க இயலும்.

2023 மே மாதம் இலண்டனில் திப்புவின் வாளொன்று ஏறத்தாழ 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போயிற்று. பெயருக்கே இத்துணை விலை இருக்கையில், அலகு, பிடி, எழுத்து, ஆண்டு ஆகிய நான்கும் ஒருமித்துச் சான்று பகர்ந்தாலன்றி எவ்வாளையும் அவருடையதென நாம் ஏற்றல் தகாது. ஆண்டைத் தவறாக வாசித்து உண்மையான வாளை மறுத்தலும் தகாது.