ஐயாவின் ஏ-40 காரும் ஒரு மண்ணெண்ணெய்த் தாங்கியும்

சென்ற தை மாதம் வேலணையிலுள்ள எங்கள் வீட்டுக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துத் தரகர். மற்றவர் தென்னிலங்கையிலிருந்து வந்த, பழைய கார்கள் சேகரிப்பவர். கொட்டிலில் நின்ற 1953 ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ-40 சொமசெற் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவர் சொன்ன விலை என்னைச் சிறிது தடுமாற வைத்தது.

ஐயா 2022 இல் காலமானார். அன்றிலிருந்து இந்தக் காரை விற்பதா, வைத்திருப்பதா என்ற கேள்வி எங்கள் மூவருக்கும் இடையில் கிடக்கிறது. பாரிசில் இருக்கும் தம்பி விற்கச் சொல்கிறான். ரொறன்ரோவில் இருக்கும் தங்கை, "ஐயாவின்ர காரை வித்துப்போட்டு அந்தக் கொட்டிலை எப்பிடியண்ணா பாக்கிறது?" என்கிறாள். நானோ கொழும்பிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்வருபவன். தீவகத்து உப்புக்காற்று எங்கள் முடிவுக்காகக் காத்திருக்காது. கதவின் அடிவிளிம்பில் துரு மறுபடி தலைகாட்டியிருந்தது.

குடாநாட்டில் பழைய பிரித்தானியக் கார்கள் இத்தனை காலம் தப்பியிருந்ததற்குக் காரணம், யாழ்ப்பாணத்தாரின் சிக்கனம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி அந்நியச் செலாவணி. 1960 களின் தொடக்கத்தில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபின், இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்றவற்றின் இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் உருவானது அப்படித்தான். வாடகைக் கார் என்றால் ஏ-40 என்றிருந்தது. ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போகிறவர்களைப் புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் துறையில் இறக்கிவிட்டு, வள்ளம் திரும்பி வரும்வரை அவை வரிசையாக நிற்கும்.

தீவகத்தாருக்குக் கார் வந்தது கடையால். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை ஆட்கள் இலங்கையின் மூலை முடுக்கெல்லாம் கடை போட்டவர்கள். ஐயாவும் கொழும்பில் கடை வைத்திருந்தார். 1956 இல், ஒருவர் பாவித்த இந்தக் காரை வாங்கினார்.

சேகரிப்பாளர் முதலில் தடவிப் பார்த்தது இலக்கத் தகட்டைத்தான். கறுப்புத் தகட்டில் ஆங்கில எழுத்துகள். "இது மாறாமல் இருப்பதற்கே தனி விலை" என்று தரகர் மூலம் சொன்னார். அவர் அழகுக்காகச் சொன்னார். எனக்கு நினைவில் வந்தது 1958. அவ்வாண்டு தை முதல், புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக் கட்டாயமானது. தனியார் பஸ் கம்பனிகளைத் தேசியமயமாக்கி உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் அந்த எழுத்துடன் வடக்கே வந்தன. தமிழரசுக் கட்சியினர் எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள், சிறையும் சென்றார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. சித்திரை 9 ஆம் திகதி பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. அடுத்த மாதம் கலவரம். எங்கள் காரில் அழிப்பதற்கு எந்த எழுத்தும் இருக்கவில்லை. ஐயாவின் கடைப் பலகையில் இருந்தது. அந்த ஆண்டு அவர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார். சில ஆண்டுகளில் காரும் பண்ணைப் பாலம் கடந்து வேலணைக்கு வந்து சேர்ந்தது.

1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கியபோது, கார் கொக்குவிலில் ஒரு கராச்சில் திருத்தத்துக்கு நின்றது. அதனால்தான் பிழைத்தது. தீவகம் இராணுவத்திடம் போனபின், வேலணையில் விட்டு வந்த எதையும் நாங்கள் திரும்பக் காணவில்லை.

பெற்றோலுக்குத் தடை, பற்றறிக்கும் தடை. அங்கேதான் பழைய கார்களுக்கு மறுபிறப்பு வந்தது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது; அமுக்க விகிதம் கூடிய இயந்திரத்தில் அது நேரந்தவறி வெடித்து இயந்திரத்தைத் தட்டி உடைத்துவிடும். ஏ-40 இன் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்றே மேல். உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்த தரங்குறைந்த பெற்றோலுக்காக வடிவமைத்த இயந்திரம் அது. பேர்மிங்காம் நகரத்து எந்திரவியலாளர்கள் தங்கள் நாட்டின் பஞ்சத்துக்காகச் செய்த ஏற்பாடு, நாற்பது ஆண்டுகளின் பின் எங்கள் பொருளாதாரத் தடைக்குக் கைகொடுத்தது.

ஐயா ஒரு பழைய தகர டின்னை வெட்டி ஒட்டிச் சிறு தாங்கி ஒன்று செய்வித்திருந்தார். அதில் அரைப் போத்தல் பெற்றோல். பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். இரண்டிலிருந்தும் குழாய் வந்து ஒரு திருகில் கூடும். பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி, நன்றாகச் சூடேறியதும் திருகை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்குச் சற்றுமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றினால்தான் மறுநாள் எழும்பும். முன்பக்கத்து இரும்புக் கைபிடியைச் சுற்றித்தான் எழுப்புவது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். போகுமிடமெல்லாம் வெண்புகை. (இந்தக் கால வாகனப் புகைப் பரிசோதகர் எவரும் அதைக் கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.)

1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்திலிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் தென்மராட்சியை நோக்கி வெளியேறியது. இந்தக் காரில் ஐயா, அம்மா, தங்கை, அயலிலிருந்த நடக்க முடியாத மூன்று முதியவர்கள். நாவற்குழிப் பாலம்வரை போக விடிந்துவிட்டது என்பாள் தங்கை. நெரிசலில் நிறுத்தி நிறுத்திப் போனதால் அந்தச் சிறிய தாங்கியை மடியில் வைத்து, எவ்வளவு மிச்சம் என்று குலுக்கிப் பார்த்தபடி இருந்தவள் அவள். நான் அன்றிரவு கொழும்பில் செய்தி மேசையில் இருந்தேன். மறுநாள் பத்திரிகைக்கு இடப்பெயர்வுச் செய்தியை எழுதியவன் நான். என் வீட்டார் எந்தப் பக்கம் போனார்கள் என்பது எனக்குத் தெரியாது.

2002 இல் ஏ-9 வீதி திறந்ததும் தெற்கிலிருந்து வியாபாரிகள் வரத் தொடங்கினார்கள். பழைய கார்கள் லொறிகளில் ஏறின. 2009 இன் பின் மறுபடியும் வந்தார்கள். பணமுடையில் விற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2020 இல் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை புதுக் கார் வராதிருந்த காலத்தில், ஓடக்கூடிய எதற்கும் விலை ஏறியது. அப்போதும் எங்களிடம் பலர் கேட்டார்கள்.

காரைப் புதுப்பிக்க வேண்டும் என்பது ஐயாவின் ஆசை. 2012 இல் தொடங்கிய வேலை மூன்று ஆண்டுகள் நடந்தது. பின் கதவில் ஷெல் சிதறல் துளைத்த ஓட்டையை அடைத்து, பழைய நிறமும் பூசினார்கள். தாங்கியும் திருகும் கழற்றப்பட்டன. நான் மறுத்துப் பார்த்தேன். "சண்டைக்காலத்துக் குப்பையை ஏன் தம்பி வைச்சிருக்கிறது?" என்றார் ஐயா. அவருக்கு வேண்டியிருந்தது தாம் இருபத்தாறு வயதில் வாங்கிய கார். அது அவருக்குத் திரும்பக் கிடைத்தது. நான் அதை வரலாற்றுச் சான்று என்று வாதாடினேன். மண்ணெண்ணெய்ப் புகையை ஒருநாளும் சுவாசிக்காதவன் அப்படிப் பேசுவது எளிது.

சேகரிப்பாளருக்குக் கொட்டிலின் பரணிலிருந்த அந்தத் தாங்கியை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்து, "இது ஒறிஜினல் இல்லை" என்று பணிவுடன் திருப்பித் தந்தார். அவர் சொன்னது சரி. அவர் விலைபேசிய காரும் ஐயா மீட்டெடுத்த காரும் ஒன்றுதான். தங்கை விற்க வேண்டாம் என்ற கார் கொட்டிலில் நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெளிவாயிற்று. அன்றிரவே அவளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அந்த டின் இருக்கோ?" என்று கேட்டாள்.

மாசியில் காரை விற்றோம். இரும்புக் கைபிடி காரோடு வந்தது என்பதால் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். லொறியில் ஏற்றி, பண்ணைப் பாலம் கடக்கும்வரை நானும் பின்னால் போனேன். பணத்தை மூன்றாகப் பிரித்தோம்.

தாங்கியைக் கனடாவுக்கு அனுப்பலாமென்று பொதி அனுப்பும் கடையொன்றில் கேட்டேன். அதற்குள் எப்போதாவது மண்ணெண்ணெய் இருந்ததா என்று கடைக்காரர் கேட்டார். பெற்றோல் இருந்தது என்றேன். எடுக்க முடியாது என்றார். ஆடியில் வரும்போது தானே கொண்டுபோவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள்.