அடிக்கணக்கு

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களின் பில் புத்தகத்தில் பெரிய விவரம் எதுவும் இருக்காது. ஊர், தேதி, எத்தனை அடி, கேசிங் பைப் எவ்வளவு, கூலி என்ன. தண்ணி வந்திருந்தால் ‘ஒண்ணரை இஞ்ச்’ என்பார்கள். வராவிட்டால் ஒரே சொல்: ‘புகை’. பாறைத்தூள் மட்டும் பறந்த துளைக்கு அதுதான் பெயர்.

கொங்கு நாட்டுக் கடினப் பாறையில் தண்ணீர் வெடிப்புகளுக்குள்தான் இருக்கும். ஒரு கிணறு வெட்ட மாதக்கணக்கில் ஆகும். 1967இல் பீகார் வறட்சியின்போது யுனிசெஃப் கொண்டுவந்த ரிக்குகள், காற்றழுத்தச் சுத்தியலால் அப்படிப்பட்ட பாறையைச் சீக்கிரமே துளைத்துக் காட்டின. குடிநீருக்காக வந்த நுட்பம் பாசனத்துக்கும் பரவியது. இன்று திருச்செங்கோட்டு வண்டிகள் நாடு முழுக்கப் போகின்றன.

கூலி அடிக்கணக்கு. புகையானாலும் காசு குடுத்துத்தான் ஆகணும். அதனாலேயே இந்தக் கணக்கை நம்பலாம். ஓரடி கூட்டினால் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார். குறைத்தால் வண்டிக்காரருக்கு நட்டம். இரண்டு பேரும் நின்று ராடு எண்ணி ஒத்துக்கொண்ட ஆழம் அது.

நிலத்தடி நீரைக் காக்கத் தமிழ்நாடு 2003இல் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தானது. போர் போடுவது நிற்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஆழம் கூடினால் நம்முடையதும் கூட வேண்டியிருந்தது.

வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய போர் பில் கிடந்தால் எடைக்குப் போட்டுடாதீங்க. தாத்தா போட்டது எத்தனை அடி, அப்பா போட்டது எத்தனை அடி என்று பாருங்க. உங்க ஊர்த் தண்ணி இறங்கிப்போன வரலாறு அதில்தான் இருக்கு.