மாணவர் பேரவை

கல்லூரி மாணவர்கள் தம்முள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளைக் கொண்டு இயங்கும் சபை. அமெரிக்கச் சர்வகலாசாலைகளில், கிரேக்க எழுத்துக்களைப் பெயராகத் தாங்கிய சகோதர சங்கங்களுக்குப் புதிய அங்கத்தினரைச் சேர்க்கும் முறையை வகுப்பதும், ஒழுங்கு தவறிய சங்கத்தை விசாரிப்பதும் பொதுவான மாணவர் பேரவையின் கடமைகளல்ல; அச்சங்கங்களின் பிரதிநிதிகள் கூடிய தனிச் சபையின் கடமைகளாம். 1881-இல் அமெரிக்க மிஷனரிகள் தோற்றுவித்த அமெரிக்கன் கல்லூரி மதுரையில் இருந்தும், ஆனையூர் முதலிய சுற்றுப்புறங்களிலிருந்து மாணவர் திரளும் இவ்வட்டாரத்தில் அச்சங்கங்கள் வேரூன்றவில்லை. அவற்றுக்கு ஓரளவு நெருங்கியவை, 1937-இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின், தனித்தனி மரபு பேணும் விடுதிகளே. புதியோரை வதைக்கும் ராகிங்கைத் தமிழ்நாட்டில் தடுத்தது பேரவையன்று, 1997-ஆம் ஆண்டுச் சட்டம். பேரவைத் தேர்தல்களை ஆராய அமைக்கப்பட்ட லிங்டோ குழு 2006-இல் பரிந்துரைத்த நியமங்கள், வேட்பாளர் செலவை 5,000 ரூபாய்க்குள் அடக்கி, கைப்பட எழுதிய சுவரொட்டியை மட்டுமே அனுமதித்தன. தேர்தல் வந்தால் சுவரே கண்ணுக்குத் தெரியாத மதுரைக்கு இது கடும் விரதந்தான்.